பிறந்த ஆண்டின் நிகழ்ச்சி யாருடைய நினைவு?

(தண்டையார்பேட்டையில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் டிவி மெக்கானிக் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பர்களே, முன்வரிசையில் விசிறியோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த இளைஞர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘நான் பிறந்த ஆண்டின் தொலைக்காட்சி’. ஆளுக்கொரு ஆண்டு, ஆண்டுக்கொரு தொடர் என்று பேச வேண்டுமாம். அழைக்க வந்த தம்பி 1987-இல் பிறந்தவர். “ராமாயணம் என்னுடைய தொடர், ஐயா” என்று உரிமையோடு சொன்னார். நான் பிறந்ததோ 1968. அன்றைக்கு இந்தியாவில் டெல்லியைத் தவிர வேறு எந்த ஊரிலும் தொலைக்காட்சி இல்லை. டெல்லியில் அது 1959-இல் தொடங்கியது. பம்பாய்க்கு 1972-இல் போயிற்று. நம் சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்து சேர்ந்தது. இந்தத் தலைப்பின்படி பார்த்தால் எனக்கு மேடையேறும் தகுதியே கிடையாது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பகுதியில் டிவி பழுதுபார்த்து, ஒரு காலத்தில் மொட்டைமாடிகளில் ஆன்டெனாவோடு மல்லுக்கு நின்றவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் தம்பியோடு ஒரு சின்னச் சண்டை. ராமானந்த் சாகரின் ‘ராமாயணம்’ 1987 ஜனவரி 25-இல் தொடங்கி 1988 ஜூலை 31-இல் முடிந்தது. அத்தனை நாளும் தம்பி தூளியில் கிடந்தவர். மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தது பெரும்பாலும் யாருக்கும் நினைவில் தங்குவதில்லை என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். அப்படியிருக்க, அந்தத் தொடரின் தொடக்க இசையைக் கேட்டதும் தம்பிக்குத் தொண்டை அடைக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

பொய் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து உளவியலாளர் கரோல் க்ரும்ஹான்சல் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இருபது வயது மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரை புகழ்பெற்ற பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டுக்கு அவர்கள் நெகிழ்ந்ததில் வியப்பில்லை. எண்பதுகளின் தொடக்கத்துப் பாடல்களுக்கும் நெகிழ்ந்தார்கள். அது அவர்களுடைய பெற்றோரின் இளமைக்காலம். தம்பியின் தொண்டையை அடைப்பதும் அவருடைய அம்மாவின் 1987 என்றே நான் நினைக்கிறேன். அந்த ஆண்டை அவரிடம் கேட்டால் என்ன சொல்வார்? நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் வேலை கற்றுக்கொண்ட தெருவில் மூன்று வீடுகளில்தான் டிவி இருந்தது. ஷட்டர் வைத்த மரப்பெட்டி, கறுப்பு வெள்ளைத் திரை. நாட்டில் கலர் ஒளிபரப்பு 1982-இலேயே வந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவுக்கு வந்த கலர், திரையின் முன்னால் மாட்டிய பிளாஸ்டிக் தாள்தான். மேலே நீலம், நடுவில் சிவப்பு, கீழே பச்சை. சீதையின் முகம் பாதி நீலமாகவும் பாதி சிவப்பாகவும் தெரியும்; யாரும் குறை சொன்னதில்லை. கூடம் கொள்ளாத கூட்டம் ஜன்னல் கம்பியில் தொங்கும்.

இந்தி யாருக்குத் தெரியும்? வடநாட்டு வியாபாரிகள் நிறைந்த சௌகார்பேட்டைக் கடையொன்றில் கணக்கு எழுதிவந்த பெரியவர் ஒருவருக்குத் தெரியும். ஞாயிறு காலை அவருக்கென்று தனியாக ஒரு நாற்காலி. அவர் மொழிபெயர்க்கவில்லை, வாதாடினார். திரையில் இராவணன் சீதையைக் கையால் பற்றி இழுத்துப் போகிறான். பெரியவர் எழுந்தே விட்டார். “கம்பர் இப்படிச் சொல்லவில்லை! அவளைத் தீண்டாமல், பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்து எடுத்துப் போனான்!” அதற்குள் காட்சி மாறிவிட்டது; இந்தி வசனம் முழுவதும் போயிற்று. ஆனால் அந்தக் கூடத்தில் இருந்த மீன்காரப் பெண்களுக்கும் அச்சகத் தொழிலாளிகளுக்கும் அன்றைக்குக் கம்பராமாயணம் கிடைத்தது. இன்றைக்கு யூடியூபில் அந்தப் பகுதியைத் தேடி எடுத்துவிடலாம், பெரியவரின் குரல் அதில் இருக்காது.

ஆன்டெனாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. காசிமேட்டுப் பக்கம் கடற்காற்றில் உப்பு ஏறி அலுமினியக் குழாய்கள் பூத்துப்போகும். பட்டை ஒயரை முடுக்கிய இடத்தில் செம்பு பச்சையாகிவிடும். தொலைக்காட்சி நிலையம் இருந்த சேப்பாக்கத்தை நோக்கித் தெற்கே திருப்பிக் கட்டிய ஆன்டெனாவைக் காகம் ஒன்று அசைத்தால் போதும். மாடியில் ஒருவர், படிக்கட்டில் ஒருவர், கூடத்தில் ஒருவர் என்று ஆள் நின்று, “வந்ததா?” “போயிற்று!” என்று கத்துவார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் என்னைத் தேடி வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்தே ‘ஒளியும் ஒலியும்’ எவ்வளவு பெரிய நிகழ்ச்சி என்று சொல்லிவிடுவேன். அந்த நிகழ்ச்சியில் இருந்தது வெறும் திரைப்படப் பாட்டு. அதே பாட்டெல்லாம் இன்று கைப்பேசியில் கிடக்கிறது, ஒருவரும் சீந்துவதில்லை. அடுத்து எந்தப் பாட்டு வரும் என்று தெரியாமல் காத்திருந்ததுதான் அந்த நிகழ்ச்சி.

தரத்தைப் பற்றிக் கேட்டால் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. விவசாயிகளுக்கான ‘வயலும் வாழ்வும்’ நல்ல நோக்கத்தோடு நடந்ததுதான். ஆனால் விசைப்படகுக்கு டீசல் கணக்குப் பார்க்கும் காசிமேட்டுக்காரர், நெல்லுக்கு இடும் யூரியா அளவை வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தவன் நான். வேறு சேனல் இல்லை, அவ்வளவுதான். ‘மால்குடி டேஸ்’ மட்டும் எனக்கு விலக்கு. ஆர். கே. நாராயணன் சிறுவயதில் பாட்டி வீட்டில் வளர்ந்தது இதோ இந்தப் புரசைவாக்கத்தில். அவர் ஆங்கிலத்தில் எழுதியதைக் கன்னடக் கலைஞர் சங்கர் நாக், கர்நாடகத்து ஆகும்பேயில் படமாக்கி, இந்தியில் பேசவிட்டு, நம் ஊர் எல். வைத்தியநாதனின் இசையோடு நமக்கே அனுப்பிவைத்தார். புரசைவாக்கத்துப் பிள்ளை ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தார்.

டிவி வீடுகளில் கூடிய அந்தக் கூட்டத்தை ‘ஒற்றுமை’ என்று இனிப்புத் தடவிச் சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. தலைக்கு இருபத்தைந்து காசு வாங்கிய வீடுகள் உண்டு. எந்தக் குழந்தை உள்ளே பாயில் உட்காரலாம், எது ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு பணத்தை மட்டும் பார்த்ததில்லை. சண்டை வந்தால் ஷட்டரை இழுத்து மூடிப் பூட்டிவிடுவார்கள். வெளியே நின்ற குழந்தைகளுக்குப் பூங்காவில் இரும்புக் கூண்டுக்குள் வைத்த டிவியே சொந்தம். 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்து, தெருவெங்கும் கேபிள் ஒயர் தொங்கத் தொடங்கியபோது என் ஆன்டெனாத் தொழில் படுத்துவிட்டது. ஆனாலும் அந்த ஷட்டர் பூட்டு ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். தம்பி கொண்டாடும் ‘ராமாயணம்’ பத்திரமாக இருக்கிறது. 2020 ஊரடங்கில் தூர்தர்ஷனே மறுபடி ஒளிபரப்பியது. தொடருக்கு முன்னும் பின்னும் வந்தவைதான் காணாமல் போனவை. சேலைக் கொசுவம் கலையாமல் சிரித்த அறிவிப்பாளர், உள்ளூர் விளம்பரம், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை. இவற்றை யார் சேமித்தார்கள்? பணக்கார பிபிசியே நாடாவின் விலைக்குப் பயந்து பழையதை அழித்துப் புதியதைப் பதிவுசெய்தது. அறுபதுகளில் அது ஒளிபரப்பிய ‘டாக்டர் ஹூ’ தொடரில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் இன்று இல்லை. ஆனால் அத்தனைக்கும் ஒலி இருக்கிறது. எப்படி? டிவிக்கு முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்துப் பதிவுசெய்த சில ரசிகர்களின் வீட்டிலிருந்து கிடைத்தது.

நம் வீட்டுப் பரணிலும் அப்படி ஏதாவது இருக்கும். பர்மா பஜாரில் வீடியோ கேசட் பதியும் விசிஆர் டெக் வாங்கியவர்கள் இங்கே பல பேர் உண்டு. கல்யாண கேசட்டின் கடைசியில் மிச்சமிருந்த நாடாவில் டிவியிலிருந்து எதையாவது பதிந்து வைத்திருப்பீர்கள். பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் அதைக் கடைசிவரை பாருங்கள். ஆனால் எடுத்தவுடன் டெக்கில் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் கண்ணாடி வழியாக நாடாவின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. ஓடவிட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும். அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். முதுகுப் பக்கத்தில் இடது ஓரமாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அதை உடைத்துவிடுங்கள். தவறிப்போய்க்கூட அதன்மேல் மறுபதிவு ஆகாது. டெக் இல்லாதவர்கள் என்னிடம் கொண்டுவரலாம். ஒன்று வைத்திருக்கிறேன், பெல்ட் மட்டும் மாற்ற வேண்டும்.