கதை நம்மிடம் கேட்கும் கேள்வி

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வாசிப்பு வாரத்தை ஒட்டி நூலகக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்

அனைவருக்கும் வணக்கம்.

கேரள நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19-ஐ ஒட்டி கேரளம் முழுக்க வாசிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த மேடையில் வீடியோ கேமுக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் பேச வந்ததும் வாசிப்பைப் பற்றித்தான். கையடக்கக் கருவியில் ஒரு கதையைப் படித்துக்கொண்டே போவோம். நடுவில் ஒரு புதிர் வழிமறிக்கும். அதை அவிழ்த்தால்தான் கதை மேலே நகரும். அந்த வகை விளையாட்டுகளைச் சொல்கிறேன்.

இந்தப் பழக்கம் நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் தோல்பாவைக்கூத்து பார்த்திருப்பீர்கள். திரைக்குப் பின்னால் வரிசையாக விளக்குகள், கம்பனின் தமிழ்ப் பாட்டு. ஆனால் பாட்டு நேராக ஓடிவிடாது. ஒரு பாவை சந்தேகம் கேட்கும், இன்னொன்று விளக்கம் சொல்லும். அது தீரும்வரை போர்க்களமே காத்திருக்கும். கதை முழுக்கத் தெரிந்தவர்களையும் விடியவிடிய உட்கார வைத்தது அந்த நிறுத்தம்தான் என்பது என் எண்ணம். இந்த விளையாட்டுகள் அந்தச் சந்தேகத்தை நம்மிடமே கேட்கின்றன.

2001-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் கேம்பாய் அட்வான்ஸ் கருவிக்காக ஒரு நீதிமன்றக் கதையை வெளியிட்டது. எழுதி இயக்கியவர் ஷு தகுமி. பிற்பாடு ஆங்கிலத்தில் 'ஏஸ் அட்டர்னி' என்று வந்தது. நாயகன் பீனிக்ஸ் ரைட், புதிதாகத் தொழிலுக்கு வந்த வக்கீல். முதல் வழக்கிலேயே அவனுடைய சிநேகிதன் மேல் கொலைப்பழி. சாட்சி கூண்டில் ஏறி, பிணத்தைப் பார்த்தபோது மணி ஒன்று என்கிறான். பிரேதப் பரிசோதனை அறிக்கையோ கொலை நடந்ததே நாலு மணிக்கு மேல்தான் என்கிறது. அப்புறம் மணி எப்படித் தெரிந்தது? டிவியில் நேரம் சொன்ன சத்தம் கேட்டதாம். நம்மிடம் உள்ள ஆவணங்களைப் புரட்டினால், அந்த நேரத்தில் கட்டடத்தில் கரண்ட் இல்லை என்று ஒரு காகிதம் கிடக்கிறது!

துப்பறியும் நாவலாக இருந்தால் இதைத் துப்பறிபவர் சொல்வார், நாம் வியப்போம். இங்கே நாம் எடுத்து நீட்டாவிட்டால் அந்தப் பொய் உண்மையாகவே நிற்கும், சிநேகிதன் சிறைக்குப் போவான். தவறான காகிதத்தை நீட்டினால் நீதிபதி தண்டிப்பார். அதனால் ஒவ்வொரு வரியையும் திரும்பப் படிக்கிறோம். நம் சித்தூர் தாலுகாப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகிறவர்கள். இந்த விளையாட்டுகள் தமிழில் வரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஆனாலும், ஆங்கிலப் பாடத்தில் பத்தி பத்தியாகத் தாண்டி ஓடுகிற பிள்ளை, சாட்சியின் வாக்குமூலத்தை வரிக்கு வரி நிறுத்திப் படிக்கிறது. பொய் எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும்.

எல்லாப் புதிரும் கதையோடு இப்படி ஒட்டிக்கொள்வதில்லை. 2007-இல் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு லெவல்-5 நிறுவனம் தந்த 'பேராசிரியர் லேடன்' கதையில், விசித்திரமான ஒரு கிராமத்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் புதிர் போடுகிறார்கள். அந்தப் புதிர்களுக்குப் பின்னால் இருந்தவர் அகிரா தாகோ. ஜப்பானில் புதிர்ப் புத்தகங்களால் பெயர் வாங்கிய பேராசிரியர். கதை ஒரு பக்கம், புதிர் ஒரு பக்கம் போகிறதே என்று சிலர் குறைப்படுவார்கள். பாதி வழிவரை எனக்கும் அந்தக் குறை உண்டு. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் கதையின் பெரிய ரகசியமே. அதை நான் சொல்லமாட்டேன்.

கையடக்கக் கருவியில் மட்டும் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். டிஎஸ் 2004-இல் வந்தது, உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றது. மேலும் கீழுமாக இரண்டு திரை, கீழ்த்திரை தொட்டால் வேலை செய்யும், மூடினால் அப்படியே உறங்கும். சிங் என்ற சிறிய ஜப்பானிய நிறுவனம் 2005-இல் 'அனதர் கோட்' என்ற கதையைச் செய்தது. தந்தையைத் தேடி ஒரு தீவுக்கு வரும் ஆஷ்லி என்ற பெண்ணின் கதை. அதில் ஒரு திரையில் உள்ள அச்சை மறு திரையில் பதிக்க வேண்டிய இடம் ஒன்று வரும். எந்தப் பொத்தானும் உதவாது. கருவியையே மூடித் திறக்க வேண்டும்! அந்தக் கணத்தில் கதைக்குள் ஆஷ்லி பிடித்திருக்கும் பொருளும் நம் உள்ளங்கையில் இருப்பதும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டு வருடம் கழித்து அதே நிறுவனம் தந்த 'ஹோட்டல் டஸ்க்' கதைக்குக் கருவியைப் பக்கவாட்டில் திருப்பிப் புத்தகம் மாதிரியே பிடிக்க வேண்டும். 2010-இல் சிங் திவாலானது. இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது.

வீட்டு டிவி எல்லாருக்கும் பொது, பாதியில் சீரியலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தக் கருவியைப் பாலக்காட்டு பஸ்ஸில் திறக்கலாம், ஸ்டாப் வந்ததும் மூடலாம். மறுநாள் திறந்தால் கதை அதே வரியில் நிற்கும். இடைப்பட்ட நேரமெல்லாம் புதிர் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பல விடைகள் திரையைப் பார்க்காதபோதுதான் கிடைக்கின்றன.

குறையும் இருக்கிறது. எழுதியவர் நினைத்ததையே நாமும் நினைத்தாக வேண்டிய புதிர்கள் உண்டு. அங்கே சலிப்பு வரும். அப்படிப்பட்ட இடத்தில் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். அக்கா கருவியைப் பிடிக்க, தம்பி தோளில் சாய்ந்து விடை சொல்வதுதான் இதை விளையாடச் சரியான முறை.

கருவி வாங்க வசதியில்லை என்றால், ஏஸ் அட்டர்னி, லேடன் இரண்டுமே கைப்பேசியில் கிடைக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு லேடன் போதும், கொலைவழக்குகள் கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு. இந்த நூலகத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏஸ் அட்டர்னியின் முதல் வழக்கைச் சேர்ந்து படிக்கலாம் என்று நினைக்கிறேன். ஒருவர் வாக்குமூலத்தைச் சத்தமாகத் தமிழில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பொய்யைப் பிடிக்க வேண்டும். டிவி, கரண்ட் விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறேன், மிச்சப் பொய்கள் அப்படியே இருக்கின்றன. படித்துச் சொல்ல விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.