எலும்பு வளர வளரக் கரையும் சாரம்

[காட்சி: மண்டையோட்டு மாதிரி. அதிலுள்ள துளை பெரிதாகத் தெரிகிறது.]

மண்டையோட்டுக்கு அடியில் ரத்தம் தேங்கினால் துளை போட்டு வடிப்பார்கள். ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் அகலத் துளை. நோயாளி தேறி வீட்டுக்குப் போய்விடுவார். துளை மட்டும் அப்படியே இருக்கும். மேலே தோல் குழிந்து பள்ளம் விழும்.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு மூடி செய்தார்கள். பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமரை உருக்கி, 3டி பிரின்டரில் இழை இழையாக அடுக்கிய சின்னத் துண்டு. கட்டடம் எழும்பக் கட்டும் சாரம் போலத்தான் இது, அதனால் இதையும் சாரம் என்றே சொல்வோம். சுற்றியுள்ள எலும்பு அதன் இடைவெளிகளுக்குள் வளர்ந்து வரும். பாலிமர் இரண்டு மூன்று வருடத்தில் மெல்லக் கரையும். 12 நோயாளிகளுக்கு இதைப் பொருத்திய விவரம் 2009-இல் வெளியானது.

[காட்சி: நுண்ணோக்கியில் சாரத்தின் குறுக்குவெட்டு.]

ஏன் இத்தனை ஓட்டை? எலும்பை உருவாக்கும் செல்கள் ஒட்டிப் பிடிக்க ஒரு பரப்பு வேண்டும். அது போதாது, ரத்தக் குழாயும் பக்கத்தில் வர வேண்டும். குழாயிலிருந்து 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தள்ளிப்போனாலே செல்லுக்கு ஆக்சிஜன் திண்டாட்டம்தான். எனவே துளை குறைந்தது 100 மைக்ரான். 300-க்கு மேல் இருந்தால் ரத்தக் குழாய் தாராளமாக நுழையும்.

பிரின்டர் இல்லாமலும் துளை போடலாம். அந்தப் பழைய முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாலிமரைக் கரைப்பானில் கரைத்து, சலித்த உப்பைக் கொட்டிக் கலப்பார்கள். கரைப்பான் ஆவியானதும் அந்தக் கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். உப்பு கரைந்து வெளியேறும், உப்பு இருந்த இடமெல்லாம் துளை! சல்லடைக் கண்ணை மாற்றினால் துளையின் அளவும் மாறும். உப்பைக் குறைத்தால் பரல்கள் ஒன்றையொன்று தொடாமல் பாலிமருக்குள் மாட்டிக்கொள்ளும். அதனால் பாலிமரைவிட உப்புதான் பல மடங்கு அதிகம் போடுவார்கள்.

[காட்சி: கரையும் பாலிமர், அனிமேஷன்.]

சரி, கரைவது எப்படி? அறுவை சிகிச்சைத் தையல் நூலில் உள்ள அதே பாலிலாக்டிக், பாலிகிளைகாலிக் பாலிமர் வகைகளை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் பட்டு அவற்றின் சங்கிலி அறுந்து அமிலமாகும். உடல் அதைச் சமாளித்துவிடும். ஆனால் துண்டு தடிமனாக இருந்தால் அமிலம் நடுவில் தேங்கி, அங்கே இன்னும் வேகமாகச் சிதைக்கும். வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே கூடாகிவிட்டிருக்கும். ட்ரைகால்சியம் பாஸ்பேட்டைக் கலப்பதற்கு இது ஒரு காரணம்: அமிலத்தைத் தணிக்கும், எலும்புக்கு வேண்டிய கால்சியமும் தரும்.

கரையாமல் இருந்தாலும் தொல்லைதான். இத்தாலிய ஆய்வாளர்களின் குழு ஒன்று, மூன்று நோயாளிகளின் மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்து ஆய்வகத்தில் பெருக்கி, ஹைட்ராக்சிஅபடைட் என்ற, எலும்புத் தாதுவைப் போன்ற பீங்கானால் ஆன சாரத்தில் ஊன்றி, கை கால் எலும்பில் சில சென்டிமீட்டர் காணாமல் போன இடத்தில் வைத்தது. 2001-இல் வெளிவந்த அந்த முடிவுகள் பெரிய நம்பிக்கை தந்தன. எலும்பு சேர்ந்தது. ஆனால் ஆறேழு வருடம் கழித்து எடுத்த படங்களிலும் பீங்கான் கரையாமல் அப்படியே தெரிந்தது.

என்னைக் கேட்டால், இந்தத் துறையில் செல்லை வளர்ப்பதைவிடக் கடினம், எலும்பு வளரும் வேகத்துக்கு ஏற்பச் சாரத்தைக் கரைய வைக்கும் இந்த நேரக் கணக்குதான். பாலிமரின் எடை குறையும் முன்பே அதன் வலு போய்விடும். மண்டையோட்டுத் துளையில் அது பெரிய விஷயமில்லை, அங்கே சுமை கிடையாது. காலில் அப்படி விட முடியாது. எலும்பு தானே எடையைத் தாங்கும் வரை உலோகத் தகடோ வெளிச்சட்டமோ கூடவே இருக்க வேண்டும்.