ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியாத அர்ப்பணிப்பு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவரே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அருமைச் சகோதர சகோதரிகளே, இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கும் சபையோரே, உங்கள் அனைவருக்கும் ஆண்டவரின் நாமத்தில் என் அன்பின் வணக்கம்.

"கிறிஸ்தவ வாழ்வுக்கு ஆதாரம் அர்ப்பணிப்பா, கீழ்ப்படிதலா?" இதுதான் இன்றைய தலைப்பு. அர்ப்பணிப்பே என்று எனக்கு முன்னால் பேசிய சகோதரி உள்ளம் உருகப் பேசினார். அன்பில்லாமல் கீழ்ப்படிவது அடிமைத்தனம் என்றார். இயேசுவின் காலத்து யூத மதக் குழுவினரான பரிசேயர்கள் கட்டளைகளை எழுத்துப் பிசகாமல் கைக்கொண்டும் கெட்டுப்போனார்களே என்று கேட்டார். ஊதாரி மகனின் அண்ணனைக் காட்டினார். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தார். கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிகிறவர்களால் உலகம் எவ்வளவு சீரழிந்தது என்று ஒரு கேள்வியையும் போட்டுவிட்டுப் போய் அமர்ந்தார். அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

நடுவர் அவர்களே, அர்ப்பணிப்பைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. முழங்காலில் நின்று, கண்ணீரோடு, "ஆண்டவரே, என்னையே தருகிறேன்" என்று ஒருவர் சொல்லும்போது அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அப்படிச் சொன்னவன்தான், மனதாரச் சொன்னவன். ஆனால் தலைப்பு நம்மிடம் கேட்பது ஆதாரம் எது என்று. அதற்கு இயேசுவே பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மலைப்பிரசங்கத்தை முடிக்கும்போது, கன்மலையின்மேல் வீடு கட்டினவன் யார் என்று சொல்கிறார். "நான் சொல்லிய இந்த வார்த்தைகளைக் கேட்டு, இவைகளின்படி செய்கிறவன்." மணலின்மேல் கட்டினவனும் அதே வார்த்தைகளைக் கேட்டவன்தான். ஒருவேளை கேட்டுவிட்டு அழுதும் இருப்பான். மழை வந்தது, பெருவெள்ளம் வந்தது, காற்று அடித்தது. விழுந்த வீடு எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் அணியில் முதலில் பேசியவர் சவுல் ராஜாவைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். நான் இயேசுவின் சீடரான பேதுருவிடம் வருகிறேன். அர்ப்பணிப்புக்கு அவரைவிடப் பெரிய சாட்சி எதிரணிக்குக் கிடைக்காது என்பதால்தான் அவரையே எடுக்கிறேன்.

கடைசி இராப்போஜன வேளை. பேதுரு சொல்கிறார்: "ஆண்டவரே, காவலிலும் சாவிலும் உம்மைப் பின்பற்றிவர ஆயத்தமாயிருக்கிறேன்." இது வெறும் வாய்ப்பேச்சா? இல்லை. அதே இரவில், ஆயுதங்களோடு வந்த கூட்டத்துக்கு எதிராகப் பட்டயத்தை உருவியவர் அவர். சாகத் துணிந்தவன்தான் அப்படிச் செய்வான். ஆனால் நடுவர் அவர்களே, அந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் ஒன்று நடந்தது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு அவரிடம் உயிரைக் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் விழித்திருக்கச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால் தூங்கிக்கொண்டிருக்கிறார். "ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக் கூடாதா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் எவ்வளவு தனிமை இருக்கிறது பாருங்கள்.

உயிரைக் கொடுக்கிறேன் என்றவரால் தூக்கத்தைக் கொடுக்க முடியவில்லை. விழித்திரு என்று சொன்னபோது தூங்கினார். பட்டயத்தை எடு என்று யாரும் சொல்லாதபோது எடுத்தார். விடிவதற்குள், குளிர்காய மூட்டிய கரிநெருப்பின் அருகே, ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கு முன்னால், இயேசுவை எனக்குத் தெரியாது என்று சொல்லும்படி அந்த அர்ப்பணிப்பு சரிந்துபோனது. அதில் உண்மை இருந்தது. ஆனால் அதைத் தாங்க கீழே ஒன்றும் இல்லை. பெரிய காரியத்துக்குத் தயாராக இருந்த மனம், கையில் கொடுத்த சின்னக் காரியத்தைச் செய்யவில்லை. இது பேதுருவின் கதை மட்டும்தானா?

இப்போது பரிசேயர்களிடம் வருவோம். கீழ்ப்படிதலால் கெட்டுப்போனவர்கள் என்று எதிரணிச் சகோதரி அவர்களைக் காட்டினார். நான் கேட்கிறேன், இயேசு அவர்கள்மேல் வைத்த குற்றச்சாட்டு என்ன? மாற்கு 7-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்பது தேவன் கொடுத்த கட்டளை. வயதான பெற்றோரைத் தாங்குவதும் அந்தக் கனத்தில் அடங்கும். அதைச் செய்ய மனமில்லாதவனுக்கு ஒரு வழி இருந்தது. உங்களுக்கு நான் செய்யத்தக்க உதவி எதுவோ, அது கொர்பான், அதாவது தேவனுக்கென்று நேர்ந்த காணிக்கை என்று சொல்லிவிட்டால் போதும், அவன் கடமை தீர்ந்தது. அதன்பின் தகப்பனுக்கோ தாய்க்கோ அவன் ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்று வேதபாரகர்கள் விட்டுவிட்டார்கள்.

சபையோரே, இதில் அர்ப்பணிப்பு எது, கீழ்ப்படிதல் எது? கொர்பான் என்பது அர்ப்பணிப்பு! தேவனுக்கு நேர்ந்துவிட்டேன் என்கிற, கேட்டவர் மறுவார்த்தை பேச முடியாத அர்ப்பணிப்பு. அதை வைத்துக்கொண்டு தேவனுடைய கட்டளையையே மீறினார்கள். இயேசு அதை மறைத்துப் பேசவில்லை. நீங்கள் தேவனுடைய வசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். பரிசேயர் கெட்டது கீழ்ப்படிந்ததால் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இந்தக் கொர்பான் இன்றும் இருக்கிறது என்பதுதான் என் வேதனை. நாள் முழுதும் ஊழியம், கூட்டம், உபவாச ஜெபம், பாடற்குழுப் பயிற்சி. ஒன்றிலும் குறைவில்லை. ஆனால் வீட்டில் படுக்கையில் கிடக்கும் தாய், மகன் வந்து ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காரமாட்டானா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால், "நான் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தவன், எனக்கு நேரமில்லை" என்று பதில் வருகிறது. அந்த மகனிடம் அர்ப்பணிப்பு இல்லையா? நிறைய இருக்கிறது. எதை, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று அவனே முடிவு செய்துகொண்டான், அவ்வளவுதான். கீழ்ப்படிதலில் அந்த வசதி கிடையாது. அங்கே தேர்ந்தெடுக்கிறவர் தேவன். நமக்கு வேலை தாயின் படுக்கையருகே என்று அவர் சொன்னால் அங்கேதான் போகவேண்டும்.

ஊதாரி மகனின் அண்ணன் விஷயம். சொத்தை வாங்கி அழித்துவிட்டுத் திரும்பி வந்த தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்த கதை அது. "ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்" என்று அவன் தகப்பனிடம் சொன்னதை எதிரணிச் சகோதரி எடுத்துக்காட்டி, பாருங்கள், இதுதான் அன்பற்ற கீழ்ப்படிதல் என்றார். கைதட்டலும் கிடைத்தது. ஆனால் லூக்கா 15-இல் அதற்கு முந்தைய வசனத்தையும் வாசிக்கவேண்டும். அவன் கோபமடைந்து உள்ளே போக மனதில்லாதிருந்தான். தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார். உள்ளே வா என்று தகப்பன் கெஞ்சிக்கொண்டு நிற்கிறபோது, வரமாட்டேன் என்று வாசலில் நின்றுகொண்டு, நான் உம்முடைய கற்பனையை ஒருக்காலும் மீறினதில்லை என்கிறான்! வயலில் எத்தனை வருஷம் உழைத்திருந்தாலும், அந்த நிமிடத்தில் தகப்பன் கேட்டது ஒன்றே ஒன்று: தம்பியின் பந்தியில் வந்து உட்கார். அதைச் செய்யாதவனைக் கீழ்ப்படிதலுக்கு உதாரணமாக எப்படி ஏற்றுக்கொள்வது?

ரோமர் 12-க்கு அதிக நேரம் எடுக்கமாட்டேன். "உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள்" என்று முதல் வசனத்தில் கேட்கும் பவுல், அந்த அதிகாரம் முழுவதும் அதை எப்படிச் செய்வது என்றே சொல்கிறார். அந்நியரை உபசரியுங்கள். துன்பப்படுத்துகிறவர்களை ஆசீர்வதியுங்கள். உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனம் கொடு. சகோதரி முதல் வசனத்தோடு நிறுத்திக்கொண்டார். பவுல் நிறுத்தவில்லை.

"அன்பில்லாமல் கீழ்ப்படிவது அடிமைத்தனம்" என்ற வாதம்தான் எதிரணியின் பலம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் மனதில் அன்பு துளியும் ஊறாத ஒரு நேரம் வருமே, அப்போது என்ன செய்வது? இதற்குப் பதிலை வாழ்ந்து காட்டிய ஒரு பெண்ணைச் சொல்கிறேன். கோரி டென் பூம். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் குடும்பம். இரண்டாம் உலகப் போரில் யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்துவைத்ததற்காக 1944-இல் கைதானார்கள். தகப்பனார் காவலில் இறந்தார். சகோதரி பெட்ஸி ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமில் இறந்தார். கோரி உயிரோடு திரும்பினார். 1947-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்குப் போய், ஒரு தேவாலயத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசினார்.

கூட்டம் முடிந்தது. ஒருவர் கையில் தொப்பியைப் பிடித்தபடி முன்னால் வந்தார். பார்த்த உடனே கோரிக்குத் தெரிந்துவிட்டது. ராவென்ஸ்ப்ரூக்கில் காவலராக இருந்தவர் அவர். தான் இப்போது கிறிஸ்தவன் என்றும், தேவன் தன்னை மன்னித்துவிட்டார் என்றும், ஆனாலும் அதை உங்கள் வாயால் கேட்கவேண்டும் என்றும் சொல்லி அவர் கையை நீட்டினார். சற்றுமுன் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்த அந்தப் பெண்ணால் தன் கையை நீட்ட முடியவில்லை. அன்பு இல்லை. இரக்கம் இல்லை. பெட்ஸியின் மெலிந்த உருவம்தான் கண்முன் நின்றது. ஆனால் நீங்கள் மன்னியாவிட்டால் உங்கள் பிதாவும் உங்களை மன்னியார் என்ற இயேசுவின் வார்த்தை அவருக்கு நினைவிருந்தது. என்னால் கையைத் தூக்க மட்டும் முடியும், அந்த உணர்வை நீர்தான் தரவேண்டும் என்று உள்ளுக்குள் ஜெபித்து, மரத்துப்போன கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அன்பு வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

எதிரணி நண்பர்களே, அன்பு வரட்டும், பிறகு கீழ்ப்படிகிறேன் என்று கோரி காத்திருந்தால் அந்தக் கை இன்றுவரை கீழேதான் தொங்கிக்கொண்டிருக்கும். அன்று அவர் அடிமையாகவா இருந்தார்? அந்த அறையில் வெறுப்பிலிருந்து விடுதலையானவர் அவரல்லவா?

இப்போது அந்தக் கடைசிக் கேள்வி. கண்மூடித்தனமான கீழ்ப்படிதல் ஆபத்து என்றீர்கள். முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். தேவனுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு, எனக்குக் கீழ்ப்படி, கேள்வி கேட்காதே என்று மனிதன் மனிதனை மிதித்ததுண்டு. கணவன் மனைவியை மிதித்ததுண்டு. தலைவர்கள் மந்தையை மிதித்ததுண்டு. அதை நியாயப்படுத்த எங்கள் அணியில் ஒருவரும் இல்லை. ஆனால் அதை எதிர்த்து நிற்கும் பலம் எங்கிருந்து வருகிறது? "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்று யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முன் சொன்னார்கள் அப்போஸ்தலர். சொன்னவர்களில் முதல்வர் அதே பேதுரு. அன்று ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்தவர், இப்போது பிரதான ஆசாரியனுக்குப் பயப்படவில்லை.

ஆஸ்திரியாவில் ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்று ஒரு விவசாயி. தன் ஊர்த் தேவாலயத்தில் கோயில்பிள்ளையாக, அதாவது ஆலய உதவியாளராகப் பணி செய்தவர். 1943-இல் ஹிட்லரின் படையில் போரிட மறுத்தார். மருத்துவப் பணி என்றால் செய்கிறேன் என்றார், ஏற்கவில்லை. மனைவியையும் மூன்று சிறு பெண்பிள்ளைகளையும் நினைத்துப்பார் என்று சொன்னவர்கள் உண்டு. போகவேண்டியதுதான் உன் கடமை என்று திருச்சபைக்குள்ளிருந்தே புத்தி சொன்னார்கள். அவர் அசையவில்லை. 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டப்பட்டு இறந்தார். 2007-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது.

தலைவனுக்கு அர்ப்பணிப்பு, தேசத்துக்கு அர்ப்பணிப்பு, கொள்கைக்கு அர்ப்பணிப்பு என்று லட்சக்கணக்கானோர் உணர்ச்சி பொங்க நின்ற காலம் அது. அதில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு விவசாயியைத் தனியே நிற்கவைத்தது எது? கொலை செய்யாதிருப்பாயாக என்று கேட்டவன், அதன்படி செய்தான். தேவனுக்குக் கீழ்ப்படிகிறவன் எல்லாருக்கும் கீழ்ப்படிகிறவன் என்று தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள். கொடுங்கோலனுக்கு அவனைப்போல் தொல்லை வேறு யாரும் இல்லை.

நடுவர் மணியைத் தொடுகிறார். இன்னும் ஒன்று மட்டும்.

இயேசு ஒரு தகப்பனின் கதையைச் சொன்னார், மத்தேயு 21-இல். அவருக்கு இரண்டு குமாரர். மூத்தவனிடம், "மகனே, நீ போய் இன்றைக்கு என் திராட்சத்தோட்டத்தில் வேலைசெய்" என்றார். அவன் மாட்டேன் என்றான். பின்பு மனஸ்தாபப்பட்டுப் போனான். இளையவனிடமும் அப்படியே சொன்னார். போகிறேன் ஐயா என்று மரியாதையாகச் சொன்னான், போகவில்லை. சொல்லிவிட்டு, இவ்விருவரில் எவன் தகப்பனுடைய சித்தத்தின்படி செய்தவன் என்று எதிரே நின்றவர்களைக் கேட்டார் இயேசு.

அடுத்து எதிரணித் தலைவர் பேச வருகிறார். பெரியவர், வேதம் அறிந்தவர். அந்தக் கேள்விக்கு முதலில் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, அதன்பின் அவர் தன் வாதத்தைத் தொடங்கட்டும் என்று நடுவர் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.