திரும்பிப் போக வழியில்லாத முதல் இதழ்

எல்லோருக்கும் வணக்கம்.

இன்று ஒரே ஒரு காமிக்ஸ் இதழைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 1978 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவில் வெளியான இதழ் அது. அட்டையில் 'ஃபேன்டசி குவார்ட்டர்லி' என்று பெயர் இருக்கும். காலாண்டிதழ் என்று பெயர் வைத்தார்களே தவிர, அந்தப் பெயரில் இரண்டாவது இதழ் வரவே இல்லை. ஆனால் அதற்குள் தொடங்கிய கதை நாற்பது ஆண்டுகள் ஓடியது. அந்தக் கதையின் பெயர் 'எல்ஃப்க்வெஸ்ட்'. வெண்டி பினி, ரிச்சர்ட் பினி என்ற கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உருவாக்கியது. வரைந்தவர் வெண்டி. கதையில் இருவருக்கும் பங்கு உண்டு.

இவர்கள் இருவரும் சந்தித்த விதமே காமிக்ஸால் நடந்ததுதான். 1969-இல் மார்வெல் நிறுவனத்தின் 'சில்வர் சர்ஃபர்' இதழில் வெண்டி எழுதிய வாசகர் கடிதம் வந்தது. அந்தக் காலத்தில் கடிதத்தோடு முகவரியையும் அச்சிடுவார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் அதைப் படித்துவிட்டு அவருக்குக் கடிதம் போட்டார். வெண்டி இருந்தது நாட்டின் மேற்குக் கோடியில், கலிஃபோர்னியாவில். ரிச்சர்ட் கிழக்குக் கோடியில். கடிதத்திலேயே வளர்ந்த பழக்கம் 1972-இல் திருமணத்தில் முடிந்தது. ரிச்சர்ட் வானியல் படித்தவர், பிறகு ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலைக்குப் போனார். வெண்டி அறிவியல் புனைகதை இதழ்களுக்கு ஓவியம் வரைந்துகொண்டிருந்தார்.

சரி, இதழைத் திறப்போம்.

முதல் பக்கங்களில் வருவது ஒரு பழங்காலம். இரண்டு நிலாக்கள் உள்ள ஓர் உலகம். குகையில் வாழும் மனிதர்களின் நடுவே திடீரென ஓர் அரண்மனை தோன்றுகிறது. அதிலிருந்து உயரமான, மெலிந்த, அழகான உருவங்கள் வெளியே வருகின்றன. மனிதர்கள் பயந்துபோகிறார்கள். பயந்தவர்கள் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கிறார்கள், கொல்கிறார்கள். தப்பியவர்கள் காட்டுக்குள் ஓடுகிறார்கள். அங்கிருந்து கதை பல தலைமுறை தாண்டிக் குதிக்கிறது. ஓடியவர்களின் வழி வந்தவர்கள் இப்போது காட்டில் ஓநாய்களோடு வாழ்கிறார்கள், ஓநாயின் முதுகில் ஏறி வேட்டைக்குப் போகிறார்கள். குள்ளமானவர்கள், கூரான காது, கைக்கு நான்கு விரல். இவர்களைத்தான் எல்ஃப் என்கிறோம். ஐரோப்பியக் கதைகளில் எல்ஃப் என்றால் ஏதோ தேவதை போல நிலவொளியில் பாட்டுப் பாடும். வெண்டியின் எல்ஃப்கள் பச்சை இறைச்சி தின்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ரெட்லான்ஸ் என்று ஒருவன். மென்மையானவன். அவனை மனிதர்கள் பிடித்துவிட்டார்கள், தங்கள் தெய்வத்துக்குப் பலி கொடுக்கப் போகிறார்கள். கூட்டத்தின் தலைவன் கட்டர், வயதில் மிகவும் இளையவன், தன் ஆட்களோடு போய் அவனை மீட்கிறான். ஆத்திரம் தாங்காமல் மனிதர்கள் காட்டுக்கே தீ வைக்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் காடு எல்ஃப்களுடையது மட்டும் இல்லை. அதை அண்டித்தான் அந்த மனிதர்களும் வாழ்கிறார்கள். பகையாளியின் வீடு எரியட்டும் என்று கொளுத்தியவன் தன் கூரைக்கும் சேர்த்துத்தான் கொளுத்துகிறான். அவர்களை அரக்கர்களாக வெண்டி வரையவில்லை. பயத்தில் இருப்பவர்களாக வரைந்திருக்கிறார். முதல் பக்கத்தில் பார்த்த அதே பயம், எத்தனையோ தலைமுறைக்குப் பிறகும் அப்படியே கைமாறி வந்திருக்கிறது. சாகசக் கதையின் முதல் இதழில் வழக்கமாக நமக்கு ஒரு வில்லனை அறிமுகம் செய்வார்கள், அவனை வெறுத்துக்கொண்டே அடுத்த இதழுக்குக் காத்திருப்போம். இங்கே வெறுக்க ஆள் கிடைக்கவில்லை. எனக்கு இந்த இதழ் மேல் மரியாதை வந்தது இங்கேதான்.

காடு போய்விட்டது. எல்ஃப்கள் பூமிக்கு அடியில் வாழும் ட்ரோல்களிடம் போகிறார்கள். இன்று இணையத்தில் ட்ரோல் என்றால் வேறு பொருள், இவர்கள் குகைக்குள் உலோக வேலை செய்யும் பருத்த உருவங்கள். அவர்களுடைய அரசன் கிரேமங், இந்த விருந்தாளிகளைத் தொலைத்தால் போதும் என்று நினைக்கிறான். நல்ல இடம் ஒன்று இருக்கிறது என்று ஆசை காட்டி, பிக்நோஸ் என்பவனை வழிகாட்டியாக அனுப்புகிறான். நீண்ட சுரங்கப்பாதை. நடந்து நடந்து மறுமுனைக்கு வந்து பார்த்தால், எதிரே பாலைவனம். ஒரு மரம் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பின்னால் சுரங்கம் இடிந்து அடைத்துக்கொள்கிறது.

ஒரு முதல் இதழ் செய்ய வேண்டிய பெரிய வேலை, திரும்பிப் போகும் வழியை அடைப்பதுதான் என்று நான் நினைக்கிறேன். பாத்திரங்களை அறிமுகம் செய்வது, உலகத்தை விளக்குவது எல்லாம் மெதுவாக நடக்கலாம். வழி அடைபட்ட பிறகுதான் அவர்கள் யார் என்றே நமக்குத் தெரிய வருகிறது. வேட்டையாடத் தெரிந்தவர்கள், வேட்டைக்கு ஒன்றும் இல்லாத மண்ணில் நிற்கிறார்கள். அடுத்து என்ன செய்வார்கள்? கட்டரின் நண்பன் ஸ்கைவைஸிடம் ஒரு காந்தக்கல் இருக்கிறது, நட்சத்திரம் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. அந்தப் பாலையைக் கடக்க அது ஒன்றுதான் துணை. பாலைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது அடுத்த இதழ்.

அப்புறம், வாசகர்களுக்கு அந்த அடுத்த இதழ் எப்படிக் கிடைத்தது என்பது தனிக் கதை.

முதல் இதழை அச்சிட்டவர்கள் பினி தம்பதியர் இல்லை, வேறொரு சிறு பதிப்பகம். மார்வெல், டி.சி. என்ற பெரிய நிறுவனங்களிடம் காட்டி, அவர்கள் வேண்டாம் என்ற பிறகு அங்கே போயிருக்கிறார்கள். அச்சானது நம் ஊரில் சாணித்தாள் என்போமே, அந்த ரகத் தாளில். வெண்டியின் கோடு நுணுக்கமானது. ஜப்பானியக் காமிக்ஸ் கலைஞர் ஒசாமு தெசுகாவின் படங்களைப் பார்த்து வளர்ந்த கை அது, பெரிய கண்களும் ஓடும் உடல்களுமாக. அன்றைய அமெரிக்க வாசகர்களில் பெரும்பாலோர் தெசுகாவின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட படங்களை அந்தத் தாளில் பார்த்தபோது இருவருக்கும் மனம் ஆறவில்லை. அந்தப் பதிப்பகமும் அத்தோடு நின்றுவிட்டது.

இப்போது இவர்களுக்கும் பின்னால் சுரங்கம் இடிந்துவிட்டது. என்ன செய்தார்கள்? தாங்களே பதிப்பாளர் ஆனார்கள். இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து 'வார்ப் கிராஃபிக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதே 1978 ஆகஸ்டில் இரண்டாம் இதழ் வந்தது. பத்திரிகை அளவு, நல்ல தாள், உள்ளே கறுப்பு வெள்ளை, அட்டை பளபளப்பான வண்ணம். ரிச்சர்ட் ஐ.பி.எம். வேலையை விடாமல் இந்த வேலையையும் பார்த்தார்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது அன்றைய நிலைமை தெரிந்தால்தான் புரியும். 1938-இல் சூப்பர்மேன் கதையின் உரிமையை அதைப் படைத்த இரண்டு இளைஞர்களும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்க காமிக்ஸில் பல காலம் அதுதான் நடைமுறை. வரைந்தவனுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, பாத்திரம் முதலாளிக்கு. விற்பனையும் பெட்டிக்கடைகளை நம்பித்தான். விற்காத பிரதி திரும்பி வந்துவிடும், அந்த நட்டத்தைச் சின்னப் பதிப்பாளர் தாங்க முடியாது. 1970-களின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் என்பவர் வேறொரு வழியைக் கொண்டுவந்தார். காமிக்ஸ் மட்டுமே விற்கும் கடைகளுக்கு அதிகத் தள்ளுபடியில் நேராகக் கொடுப்பது, ஆனால் விற்காததைத் திருப்பித் தரக்கூடாது என்பது. அந்த வழி திறந்திருக்காவிட்டால் வீட்டிலிருந்தே பதிப்பகம் நடத்தியிருக்க முடியாது. கனடாவில் டேவ் சிம் என்பவர் 1977 டிசம்பரில் 'செரிபஸ்' என்ற காமிக்ஸைத் தானே பதிப்பித்துத் தொடங்கியதும் இதே காலம்தான்.

ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று இதழ் என்ற கணக்கில் 1984 வரை போய், இருபதாம் இதழில் முதல் பெருங்கதை முடிந்தது. நான்கு மாதம் காத்திருந்து வாங்கினார்கள் மக்கள். அவர்களில் பெண்கள் நிறையப் பேர். அன்றைய காமிக்ஸ் கடை ஆண் பிள்ளைகளின் கூடாரம், அதற்குள் இந்த இதழைத் தேடிப் பெண்கள் வந்தார்கள் என்பது சாதாரண விஷயமா? வரைந்தது ஒரு பெண் என்பது ஒரு காரணம். கதைக்குள்ளும் வேட்டைக்குப் போவது ஆண்கள் மட்டும் இல்லை. மீட்கப்பட்டானே ரெட்லான்ஸ், செடி கொடி வளர்ப்பதில்தான் அவனுக்கு ஆசை. அவனுடைய துணைவி நைட்ஃபால் வில்லெடுத்து வேட்டையாடுகிறவள். இதைப் பெரிதாக யாரும் கதையில் பேசுவதில்லை, அவர்கள் வாழ்க்கை அப்படி. காட்டில் எல்ஃப்கள் வாழ்ந்த இடத்துக்கு 'ஹோல்ட்' என்று பெயர். வாசகர்கள் ஊர் ஊராக வாசகர் மன்றம் தொடங்கியபோது, தங்கள் மன்றத்துக்கும் ஹோல்ட் என்றே பெயர் வைத்தார்கள். எரிந்துபோன வீட்டை அவர்கள் கட்டித் தந்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வேண்டாம் என்று சொன்ன மார்வெலே 1985-இலிருந்து இந்தக் கதையை வண்ணத்தில் மறுபதிப்பு போட்டது. உரிமை பினி தம்பதியரிடமே இருந்தது. ஆனால் அதைவிட எனக்குப் பிடித்த மறுபதிப்பு ஒன்று உண்டு. 1979-இல், சொந்தப் பதிப்பகம் கொஞ்சம் நிலைத்ததும், சாணித்தாளில் போன அந்த முதல் இதழை அவர்களே தங்கள் அளவில், தங்கள் தாளில் மறுபடி அச்சிட்டார்கள். அந்தத் தீயும் அந்தச் சுரங்கமும் அப்போதுதான் வெண்டி வரைந்தபடி வாசகர் கைக்குப் போனது. கலைஞர்களாக அவர்கள் எடுத்த முடிவுகளில் மிக நல்லது இதுதான் என்பேன்.

'ஃபைனல் க்வெஸ்ட்' என்ற பெருங்கதையின் கடைசி இதழ் 2018 பிப்ரவரி 28 அன்று வந்தது. தேதியைக் கவனித்தீர்களா? நாற்பது ஆண்டு, நாள் பிசகவில்லை. வெண்டிக்கு அப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. அதில் கட்டருக்கு என்ன ஆனது என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. தொடரின் பெரும் பகுதியை அவர்களே பின்னாளில் இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்தார்கள். இன்று இரவு முதல் இதழை மட்டும் எடுத்து, சுரங்கம் அடைபடும் பக்கம் வரைக்கும் படித்துப் பாருங்கள்.

நன்றி.