நண்பர்களை விடுமுறைக்கு அழைத்துவிட்டுக் கவலைப்படுவது விசுவாசக் குறைவா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி, திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆன ஒரு சகோதரி எழுதி அனுப்பியிருப்பது. நீளமாக இருப்பதால் அதைச் சுருக்கிச் சொல்லுகிறேன். மே மாத விடுமுறைக்குக் கொடைக்கானலில் நான்கு நாட்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கணவர் தம்முடைய கல்லூரி நண்பர்கள் இருவரையும் குடும்பத்தோடு வரும்படி அழைத்துவிட்டார்; அவர்களில் ஒருவருடைய குடும்பம் இந்துக் குடும்பம். செலவு எவ்வளவு ஆகும், சமையலை யார் பார்ப்பது, பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது என்று இவர் கேட்கும்போதெல்லாம், “கர்த்தர் பார்த்துக்கொள்வார், உனக்குத்தான் விசுவாசம் போதாது” என்று கணவர் சொல்லுகிறாராம். திட்டமிடுவது விசுவாசக் குறைவா, வருகிறவர்கள் முன்னிலையில் குடும்ப ஜெபம் நடத்தலாமா என்று இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார்.

முதலில், அந்தக் கணவர் சொல்லுகிற வார்த்தையையே எடுத்துக்கொள்ளலாம். “பார்த்துக்கொள்வார்” என்று வேதத்தில் சொன்னவன் ஆபிரகாம். ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில், பலிக்கு ஆடு எங்கே என்று ஈசாக்கு கேட்கும்போது அவன் அப்படிச் சொல்லுகிறான். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லுகிற நேரத்தில் அவன் வெறுங்கையாக நிற்கவில்லை. அதிகாலையில் எழுந்து கட்டைகளைப் பிளந்து, கழுதையின்மேல் சேணங்கட்டி, நெருப்பையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு, மூன்று நாள் வழி நடந்து வந்தவன், தன் கைக்கு எட்டாமல் இருந்த ஒரே காரியத்தைக் குறித்துத்தான் தேவன் பார்த்துக்கொள்வார் என்றான். பிளக்க வேண்டிய கட்டையைப் பிளக்காமல் வைத்துவிட்டு அந்த வசனத்தைச் சொல்லுவதற்கு நமக்கு அனுமதி இல்லை.

விருந்தோம்பலைப் பற்றிக் கேட்டால், அதே ஆபிரகாம் அதற்கு நான்கு அதிகாரங்களுக்கு முன்னால் மம்ரேயில் மூன்று பேரை உபசரித்ததையும் வாசிக்க வேண்டும். வெயில் ஏறிய வேளை, வயது தொண்ணூற்றொன்பது. மூன்றுபடி மெல்லிய மாவைப் பிசைந்து அப்பம் சுடும்படி சாராளிடம் சொல்லிவிட்டு அவன் திண்ணையில் போய் உட்காரவில்லை. தானே மாட்டு மந்தைக்கு ஓடி நல்ல இளங்கன்றைப் பிடித்துக்கொண்டு வருகிறான், வெண்ணெயையும் பாலையும் எடுத்து வைக்கிறான், அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை மரத்தடியில் அருகே நின்றுகொண்டிருக்கிறான். நம்முடைய வீடுகளில் பெரும்பாலும் என்ன நடக்கிறது என்றால், அழைப்பது கணவருடைய வேலையாகவும் அரிசி களைவது மனைவியுடைய வேலையாகவும் ஆகிவிடுகிறது. அந்தப் பாரத்தைப் பற்றி மனைவி வாய் திறந்தால் அதற்கு விசுவாசக் குறைவு என்று பெயர் வைத்துவிடுகிறோம். சகோதரர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், கொஞ்சம் யோசித்துப் பார்க்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

கொடைக்கானலுக்கு நண்பர்களை அழைக்கிறவர் செய்தே தீர வேண்டிய சில காரியங்கள் இருக்கின்றன. நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் மலைக்கு ஏற இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். 2025 கோடையில், நாள் ஒன்றுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் கொண்டு வந்தார்கள். ஆகவே இந்த ஆண்டு விதி என்ன என்று இப்போதே பார்த்து, மூன்று குடும்பங்களின் வண்டிகளுக்கும் உரியதைச் செய்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் வத்தலக்குண்டு தாண்டிப் போய் நின்றுகொண்டு, கர்த்தர் வழியைத் திறப்பார் என்று ஜெபிப்பது, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதிக்கும்படி பிசாசு இயேசுவிடம் சொன்ன யோசனைக்கு உறவுமுறை. “உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக” என்பதுதான் அதற்கு அவர் கொடுத்த பதில்.

சமையலும் அப்படித்தான். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும். வாடகை வீட்டில் குக்கர் இருக்கிறதா, அது எத்தனை லிட்டர், சிலிண்டர் ஒன்றா இரண்டா, கம்பளி எத்தனை என்று வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்ல உபசரணையின் பாகம். நண்பரின் பிள்ளைகள் மலைப்பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து இறங்கும்போது அவர்களுக்குத் தேவைப்படுவது வெந்நீரும் ரசம் சாதமும்தான். அது அடுப்பில் தயாராக இருப்பதற்கு யாரோ ஒருவர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இந்த மலையில் இரண்டு பங்களாக்களைக் கட்டியதிலிருந்துதான் நாம் இன்று காண்கிற கொடைக்கானல் ஊர் தொடங்குகிறது. கீழே சமவெளியில் காய்ச்சலிலும் காலராவிலும் அவர்கள் தங்கள் சொந்த ஜனங்களை அடக்கம் செய்திருந்தார்கள். கடல் கடந்து சுவிசேஷம் சொல்ல வந்தவர்களிடம் விசுவாசம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனாலும் அவர்கள் மலையில் குளிர்ந்த இடம் பார்த்து வீடு கட்டினார்கள்.

அப்படியானால் நம்பிக்கைக்கு எங்கே இடம் என்று கேட்பீர்கள். சகோதரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் நடுவில் எழுதியிருந்த ஒரு வரியை நான் இரண்டு முறை வாசித்தேன். “அவர்களெல்லாம் வசதியானவர்கள், நாம் போடுகிற சாப்பாட்டைப் பார்த்து என்ன நினைப்பார்களோ” என்று எழுதியிருக்கிறீர்கள். அரிசி, பருப்பு, சிலிண்டர் இவற்றுக்கெல்லாம் நீங்களே வழி கண்டுபிடித்துவிடுவீர்கள். இந்தப் பயத்துக்கு எந்தப் பட்டியலும் மருந்து ஆகாது. இதைத்தான் நீங்கள் கர்த்தரிடம் கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். விருந்தாளி நம்மைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புவார் என்பது நம்முடைய கையில் இல்லை, அதைப் பிடித்து வைக்க முயலும்போதுதான் வீட்டில் குரல் உயர்கிறது.

மார்த்தாளை இந்த இடத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள், பெரும்பாலும் அவளைக் குறை சொல்லுவதற்காக. லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் அவள் இயேசுவைத் தன் வீட்டில் உபசரிக்கிறாள்; தன் சகோதரி மரியாள் உதவி செய்யாமல் அவர் பாதத்தருகே உட்கார்ந்திருக்கிறாள் என்று முறையிடுகிறாள். இயேசு அவளைக் கண்டித்தது உண்மை. ஆனால் அவள் சமைத்ததற்காக அவர் கண்டிக்கவில்லை. “அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்” என்றுதான் சொன்னார். யோவான் 12-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அதே பெத்தானியா, மறுபடியும் ஒரு இராவிருந்து, மறுபடியும் மார்த்தாள்தான் பணிவிடை செய்கிறாள். லாசருவும் பந்தியில் இருக்கிறான், மரியாள் மறுபடியும் இயேசுவின் பாதத்தருகே இருக்கிறாள், ஆனால் இந்த முறை மார்த்தாளிடமிருந்து ஒரு முறுமுறுப்பும் இல்லை, அவளை யாரும் கண்டிக்கவும் இல்லை. இடையில் 11-ஆம் அதிகாரத்தில் அவள் தன் சகோதரனாகிய இந்த லாசருவை அடக்கம் செய்திருந்தாள், நீரே கிறிஸ்து என்று அறிக்கையும் செய்திருந்தாள், இயேசு அவனை உயிரோடு எழுப்பியதையும் கண்டிருந்தாள். வேலை குறைந்ததாக வேதம் சொல்லவில்லை. வேலை செய்கிறவளின் உள்ளம் எங்கே தங்கியிருக்கிறது என்பதுதான் மாறியிருந்தது.

செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். லூக்கா 11-இல் இயேசு சொன்ன உவமையில், பாதிராத்திரியில் ஒருவனுடைய வீட்டுக்குப் பிரயாணமாய் வந்த சிநேகிதனுக்கு முன் வைப்பதற்கு ஒன்றுமில்லை. அவன் கதவைச் சாத்திக்கொண்டு தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை, இருக்கிறதுபோல் நடிக்கவும் இல்லை. அக்கம்பக்கத்து நண்பனிடம் போய் மூன்று அப்பம் கேட்கிறான். ஜெபத்துக்கு இயேசு சொன்ன உவமை அது என்றாலும், இல்லை என்று சொல்லத் தயங்காத ஒரு மனிதனை அவர் அதில் வைத்திருக்கிறார். வீட்டு வாடகை எங்களுடையது, மளிகையையும் வண்டிச் செலவையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம், ஒரு வேளைச் சமையலை ஒவ்வொரு குடும்பமும் எடுத்துக்கொள்ளலாம் என்று உங்கள் கணவர் தம் நண்பர்களிடம் புறப்படுவதற்கு முன்பே சொல்லட்டும். நான்கு நாள் கௌரவத்துக்காகக் கடன் அட்டையைத் தேய்த்துவிட்டு, ஆகஸ்ட் வரை தவணை கட்டிக்கொண்டு, வந்துபோனவர்கள்மேல் மனத்தாங்கல் வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். “பகையோடிருக்கும் கொழுத்த எருதின் கறியைப்பார்க்கிலும், சிநேகத்தோடிருக்கும் இலைக்கறியே நல்லது” என்று நீதிமொழிகள் 15:17 சொல்லுகிறது. மலையில் நல்ல கேரட்டும் பீன்ஸும் பூண்டும் சந்தையில் கிடைக்கும், அதை வைத்தே தாராளமாக உபசரிக்கலாம்.

மழை வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொடைக்கானலில் மே மாதத்தில் பிற்பகல் மழை வருவது வழக்கம்தான். ஏரிக்குப் போகிற வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றது நம் கையில் இல்லை.

கடைசியாகக் குடும்ப ஜெபம். நடத்துங்கள், ஆனால் உங்கள் வீட்டில் வழக்கமாக எப்படி நடத்துகிறீர்களோ அப்படியே நடத்துங்கள். வீட்டில் பத்து நிமிடம் ஜெபிக்கிறவர்கள் விருந்தாளி வந்திருக்கிறார் என்பதற்காக முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தால், அந்த நண்பர் எழுந்து போக இடமில்லாமல் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பார். ஒரே கூரையின் கீழ் தங்கியிருக்கிறவரை அப்படி மடக்கிப் பிடிப்பது சாட்சி ஆகாது. இரவு எட்டு மணிக்கு நாங்கள் ஜெபிப்போம், சேர விருப்பம் இருந்தால் வாருங்கள், இல்லையென்றால் மாடியில் இளைப்பாறுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன் சுருக்கமாக நன்றி சொல்லுங்கள். அவர்கள் காலையில் விளக்கேற்றிக் கும்பிடுகிற பழக்கம் உடையவர்களாக இருந்தால், அவர்கள் தங்கும் அறையில் அதற்குத் தடை சொல்லி முகத்தைச் சுளிக்க வேண்டாம். அவர்களாகவே உங்கள் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால், அப்பொழுது தாராளமாகப் பேசுங்கள். அந்த நான்கு நாட்களில் ஞாயிற்றுக்கிழமை வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வந்தால், ஆராதனைக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சனிக்கிழமை இரவே நண்பர்களிடம் சொல்லிவிட்டு, அவர்களுக்குக் காலைச் சாப்பாட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் கணவரும் கூட இருந்து அதைச் செய்யட்டும்.