குரல் நின்னுடுச்சு, ஆனா "நான் இருந்து என்ன பிரயோஜனம்"னு சொல்றான்

ஒரு அக்கா கேட்டிருக்காங்க. "என் தம்பிக்கு 12 வருஷமா மனச்சிதைவு நோய். மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறான், காதுல கேட்ட குரலெல்லாம் நின்னுடுச்சு. இப்போ 'நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்'னு அடிக்கடி சொல்றான். நோய்தான் குறைஞ்சிடுச்சே, இதைப் பெருசா எடுத்துக்கணுமா?"

எடுத்துக்கணும்மா. இன்னைக்கே எடுத்துக்கணும்.

குரல் 'செத்துப்போ'ன்னு கட்டளை போடுற நேரம் ஆபத்துதான். ஆனா நோய் அடங்கித் தெளிவு வர்றப்போதான், தான் எதையெல்லாம் இழந்தோம்னு அவருக்குத் தெரியுது. கூடப் படிச்சவன் பிள்ளை ஸ்கூலுக்குப் போகுது, இவரு பஸ் காசுக்கு அக்கா கையைப் பார்க்கணும். நல்லாப் படிச்ச பிள்ளைங்களுக்கு இந்த வலி இன்னும் ஜாஸ்தி. அதுல மனச்சோர்வும் சேர்ந்து படுத்தே கிடந்தா, நாம 'சோம்பேறி'ன்னு திட்டுறோம். எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது.

இந்த நோய் உள்ளவங்கள்ல 100க்கு சுமார் 5 பேரைத் தற்கொலையில இழக்குறோம். முதல் சில வருஷமும், ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்த புதுசும்தான் ஆபத்து அதிகம். அதுக்காக, 12 வருஷம் ஆச்சு, கண்டத்தைத் தாண்டிட்டோம்னு இருந்துடக்கூடாது.

நேராவே கேளுங்க, "சாகணும்னு தோணுதாப்பா?"ன்னு. கேட்டா இல்லாத எண்ணம் வந்துடுமோன்னு பயப்படுவீங்க. வராதும்மா. யாராவது கேட்க மாட்டாங்களான்னுதான் பல பேர் தவிச்சிட்டிருக்காங்க. "ஆமா"ன்னு சொன்னா தனியா விடாதீங்க, மாத்திரை உங்க கையில இருக்கட்டும், அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நடுராத்திரின்னாலும் 14416க்கு போன் போடலாம், டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க. கையை மீறிப் போகுதுன்னா 108.

டாக்டர்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. ஒரு இடத்துல உட்கார முடியாம, கால் நிக்காம தவிக்கிறாரா? அது மருந்தோட பக்கவிளைவா இருக்கலாம். அந்தத் தவிப்பே சிலருக்கு வாழ்க்கையை வெறுக்க வைக்கும், மருந்தை மாத்தி அமைச்சா குறையும். நீங்களா நிறுத்திடாதீங்க. இன்னொண்ணு, இந்த நோய்க்கு குளோசபின்னு ஒரு மருந்து இருக்கு, அது இவருக்குப் பொருந்துமான்னு கேளுங்க. 2003ல வெளிவந்த ஒரு ஆய்வு, 980 பேர்கிட்ட நடந்தது. ஒலான்சபின்ங்கிற இன்னொரு மருந்தைச் சாப்பிட்டவங்களை விட குளோசபின் சாப்பிட்டவங்ககிட்ட தற்கொலை முயற்சி குறைவா இருந்துச்சு. குளோசபின் சாப்பிட்டா, வெள்ளை அணு குறையுதான்னு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கணும், அதனாலயே நிறைய குடும்பம் வேண்டாம்னுடறாங்க. அந்த சிரமத்தைப் பட்டுக்கலாம்மா.

இன்னைக்கு சாப்பாடு போட்டுட்டு பக்கத்துல உட்காருங்க. டிவியை நிறுத்திடுங்க. அந்தக் கேள்வியைக் கேட்டுட்டு, அவரு பதில் சொல்ற வரைக்கும் பேசாம இருங்க.