ஆயுதம் ஏந்த மறுப்பவரும் குடிமகனே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கிளிநொச்சிப் பெருமக்களே, வணக்கம்.

குடியுரிமை உறுதிமொழியில் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவேன் என்ற வாசகம் இருந்தே தீரவேண்டும் என வாதிட்ட எதிரணித் தலைவர், 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று முடித்தார். நினைக்கச் சொன்ன முன்னோர் அந்த உப்புக்காகக் கொல்லச் சொல்லவில்லை.

சமாதானவாதியான ரொசிகா ஸ்விம்மர் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் பிறந்து, 1921இல் அமெரிக்கா சென்று, 1926இல் குடியுரிமை கேட்டவர். தேவைப்பட்டால் நாட்டைக் காக்க ஆயுதம் எடுப்பீரா என்று படிவத்தின் 22ஆம் கேள்வி கேட்டது. தாம் எடுக்கமாட்டேன் என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது 49. 'ஆம்' என்று எழுதியிருந்தாலும் அவர் கையில் எவரும் துப்பாக்கியைக் கொடுத்திருக்கப் போவதில்லை. ஆயினும் 1929இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவருக்குக் குடியுரிமை இல்லை என்றது. பொய் எழுதத் துணிந்தவரை உள்ளே விட்டு, உண்மை எழுதியவரை வாசலில் நிறுத்தும் கேள்வியால் எந்த நாட்டுக்குக் காவல்?

அத்தீர்ப்பை மறுத்து, நாம் வெறுக்கும் சிந்தனைக்கும் சுதந்திரம் வேண்டும் என்று எழுதிய நீதியரசர் ஹோம்ஸ் சமாதானவாதி அல்லர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மூன்று முறை காயம்பட்ட படைவீரர். பங்கருக்குள் பிள்ளைகளைப் பொத்திவைத்திருந்த உங்களுக்கும் போர் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. போராட வீட்டுக்கு ஒருவர் வேண்டும் என்று கேட்கப்பட்ட காலத்தில், படலையை மறித்து நின்று தன் பிள்ளையை விடமாட்டேன் என்ற தாய் இந்த மண்ணை நேசிக்காதவள் என்று சொல்ல, எதிரணியில் எவருக்கேனும் நா எழுமா?

எல்லோரும் மறுத்தால் யார் காப்பது என்பார்கள். ஆயுதமின்றிப் படையில் பணியாற்ற ஒப்பிய, கனடாவில் பிறந்த, அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒருவருக்காக 1946இல் அதே நீதிமன்றம் தன் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுதமற்ற படைப்பணி, குடிசார் பணி என்ற மாற்று வழிகளையும் உறுதிமொழியிலேயே சேர்த்தது. ஆனால் அச்சட்டம் மதநம்பிக்கையால் மறுப்பவரையே குறிப்பிட்டது. ஸ்விம்மரோ நாத்திகர், அதற்குமுன் 1948இலேயே, எந்நாட்டுக் குடியுரிமையும் இன்றி இறந்துவிட்டார்.

இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதம் என மூன்றையும் தனித்தனியே சொல்லிக் காக்கிறது. மதத்துக்குத் தலைவணங்கும் எதிரணி, நடுவில் நிற்கும் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் வைத்திருக்கிறது என்பதை அடுத்து வரும் பேச்சாளர் சொல்லட்டும்.